சர்க்கரைக்காரரின் வாழ்க்கையை அளக்க எந்தக் கேள்வித்தாள்? டெல்டாவுக்கு ஓர் ஒப்பீடு

சர்க்கரை முகாம் நடத்தும் நண்பர்களும் நர்சிங் முதுகலை ஆய்வேடு எழுதும் பிள்ளைகளும் மாறி மாறி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) எடுக்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். இவங்க வாழ்க்கை எப்படிப் போகுதுன்னு அளக்க எந்தக் கேள்வித்தாளை எடுக்கலாம்?" ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் இருக்கிற கேள்வித்தாள்கள் அத்தனையும் "வாழ்க்கைத் தரம்" என்று ஒரே பலகையை மாட்டிக்கொண்டு கடை விரித்திருக்கின்றன. உள்ளே விற்கும் சரக்கு வேறு வேறு.

சரக்கு நான்கு வகை. ஒன்று, பொதுவான மனநலம்: கலகலப்பாக, தெம்பாக இருக்கிறாரா என்பது. இரண்டு, சர்க்கரையால் மட்டும் மனசில் ஏறும் பாரம். மூன்று, உடல்நிலை: நடக்க முடிகிறதா, வலி இருக்கிறதா. நான்கு, வாழ்க்கைத் தரம்: தான் வாழ ஆசைப்பட்ட வாழ்க்கையில் எவ்வளவை இந்த நோய் பிடுங்கிக்கொண்டது என்பது. மூன்றாவதை அளந்துவிட்டு நான்காவதை அளந்ததாக எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு. லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியின் உளவியல் பேராசிரியர் கிளேர் பிராட்லி 2001இல் லான்செட் இதழில் இந்தக் குழப்பத்தைப் பற்றித்தான் எழுதினார். நன்றாக நடக்கிற, வலியே இல்லாத ஒருவர் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்ற கணக்கிலேயே மூன்று வேளையும் நொந்துகொண்டிருக்கலாம். உடல்நிலைக் கேள்வித்தாளில் அவருக்கு முழு மதிப்பெண் விழும்.

ஒப்பிடுவதற்கு ஓர் ஆளை எதிரே உட்கார வைத்துக்கொள்வோம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 55. நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை. 9 வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போதாமல் இப்போது ராத்திரி இன்சுலின் ஊசி. உள்ளங்கால் எரிகிறது. மகன் குடும்பம் திருப்பூரில். இவர் தனி ஒருவர் இல்லை. பலரைச் சேர்த்து நான் உண்டாக்கிக்கொண்டவர்.

முதலில், இருப்பதிலேயே சின்னது: உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓ-5. அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 1998இல் வெளியிட்டது. ஐந்தே கேள்வி, கட்டணம் கிடையாது. கடந்த இரண்டு வாரத்தில் சந்தோஷமாக, உற்சாகமாக இருந்தீர்களா, அமைதியாக, பதற்றமில்லாமல் இருந்தீர்களா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, காலையில் நன்றாக ஓய்வெடுத்த தெளிவோடு எழுந்தீர்களா, உங்களுக்குப் பிடித்த விஷயங்களால் அன்றாடம் நிறைந்திருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் அதிகபட்சம் 25. அதை 4ஆல் பெருக்கினால் 100க்கு மதிப்பெண் வந்துவிடும். 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நலம் குறைவு, மேற்கொண்டு பார்க்க வேண்டும். 28க்கு வந்துவிட்டால் மனச்சோர்வு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நம்ம அம்மாவிடம் கேட்டுப் பார்ப்போம். முதல் மூன்று கேள்விக்கு 3, 2, 2 என்று தயங்கித் தயங்கிப் பதில் வருகிறது. நான்காவது கேள்விக்குச் சிரிப்பு. "தூங்குனாத்தானே தங்கச்சி எந்திரிக்கிறதுக்கு? ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போவணும். படுத்தா கால் எரியுது." அதற்கு 1. ஐந்தாவதற்கு 3. மொத்தம் 11, நான்கால் பெருக்கினால் 44. இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. இவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஏன் 44 என்று மட்டும் தெரியாது. ராத்திரி எழுந்து போவது சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் இருக்கலாம். எரிச்சல் நரம்புப் பாதிப்பு. அதாவது தூக்கம், தெம்பு பற்றிய கேள்விகளில் உடம்பும் மனசும் கலந்து வருகின்றன. பிராட்லி 1980களில் நீரிழிவுக்காரர்களுக்கென்றே ஒரு நலக் கேள்வித்தாள் தயாரித்தார். அதன் சுருக்கமான வடிவம் டபிள்யூபிக்யூ-12. பன்னிரண்டு கேள்வி: எதிர்மறை உணர்வு நான்கு, தெம்பு நான்கு, நேர்மறை உணர்வு நான்கு, மொத்தம் 36 மதிப்பெண். மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம் என்பதால் இந்தக் கலப்படம் குறைகிறது. ஆனால் உரிமம் வாங்க வேண்டும், கேட்கவும் நேரம் கூட. முகாம் வரிசையில் டபிள்யூஹெச்ஓ-5ஐத்தான் எடுப்பேன். மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 இதைவிடக் கறாரானதுதான். ஆனால் சோர்வு, தூக்கம், பசி என்று அதில் வரும் கேள்விகளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிற எவரும் "ஆமாம்" சொல்லிவிடுவார். அதன் ஒன்பதாவது கேள்வி வேறு, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்று கேட்கிறது. பதில் "ஆமாம்" என்று வந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே கவனிக்க ஆள் வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத முகாமில் அந்தக் கேள்வியைக் கேட்பது சரியில்லை.

டெல்டாக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு விஷயம் இந்த இரண்டு வாரக் கணக்கு. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து, தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து, குறுவை நடவு மும்முரமாக நடக்கும்போது கேட்டால் ஒரு மதிப்பெண். வாய்க்கால் காய்ந்து, வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சித்திரை வைகாசியில் கேட்டால் வேறு. ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்துச் சம்பா மூழ்கிக் கிடக்கும்போது கேட்டுவிட்டு, தை மாதம் அறுப்புக் கூலி கையில் இருக்கும்போது மறுபடி கேட்டால், உங்கள் முகாமால்தான் எல்லாரும் சந்தோஷமாகிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதலாம், படம் போட்டு. டபிள்யூஹெச்ஓ-5இல் 10 புள்ளி மாறினால்தான் மாற்றம் என்று கொள்வது வழக்கம்; அந்தப் பத்தைப் பருவமே கொடுத்துவிடும். ஆகவே முன்னும் பின்னும் அளப்பவர்கள் ஒரே பருவத்தில் அளக்க வேண்டும். அல்லது திட்டத்தில் சேராத பக்கத்து ஊர்க்காரர்களையும் அதே வாரத்தில் கேட்க வேண்டும். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் போகிறவர்கள் ரமலான் மாதத்தையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நோன்பு நாட்களின் தூக்கமும் சாப்பாடும் மற்ற மாதத்தைப் போல இருக்காது.

அடுத்தது பாரம் அளப்பவை. பெய்ட் என்பது 1995இல் வில்லியம் போலன்ஸ்கி குழுவினர் அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் உருவாக்கியது. 20 கேள்வி, 100க்கு மதிப்பெண், 40ஐத் தொட்டால் கடுமையான பாரம். இதைச் சுருக்கிய பெய்ட்-5இல் ஐந்தே கேள்வி: சர்க்கரையோடு வாழ்வதை நினைத்தால் பயமா, சோர்வா, பின்னால் என்ன ஆகுமோ என்ற கவலையா, நாள்தோறும் இதுவே சக்தியையெல்லாம் உறிஞ்சுகிறதா, பாதிப்புகளைச் சமாளிப்பது பிரச்சினையா. 20க்கு 8 வந்தால் கவனிக்க வேண்டும். போலன்ஸ்கி 2005இல் கொண்டுவந்த டிடிஎஸ்-17 இன்னொரு வகை. மனப்பாரம், மருத்துவர் சார்ந்தது, சிகிச்சைமுறை சார்ந்தது, உறவுகள் சார்ந்தது என்று நான்காகப் பிரித்துக் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும். சராசரி 3ஐத் தொட்டால் உட்கார்ந்து பேச வேண்டிய ஆள்.

நான்கு பிரிவு இருப்பதால் டிடிஎஸ் மேலானது என்று எல்லாரும் சொல்வார்கள். காகிதத்தில் உண்மைதான். நம்மூரில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, வீட்டில் சர்க்கரை பார்ப்பது பற்றிய கேள்வி. அரசு மருந்தை நம்பியிருக்கும் பெரும்பாலான வீடுகளில் குளுக்கோமீட்டரே கிடையாது. இரண்டு, மருத்துவர் பற்றிய கேள்விகள். "அடிக்கடி பார்க்கத் தோதான டாக்டர் இல்லை" என்பது டெல்டா கிராமங்களில் நியாயமான குறை. ஆனால் கேட்பது யார்? 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்ணே கேள்வித்தாளையும் தூக்கிக்கொண்டு வந்தால், "ஒரு கொறயும் இல்லம்மா, நல்லா பாக்குறாங்க" என்றுதான் பதில் வரும். மாத்திரை கொடுக்கிற கையிடம் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? வேறு ஊரிலிருந்து வந்த மாணவி அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறும். மருத்துவர் பகுதி வேண்டும் என்பவர்கள் கேட்கும் ஆளை மாற்றுங்கள். முடியாதென்றால் பெய்ட்-5 போதும்.

இனி எனக்குப் பிடித்ததும் நம்மூரில் நடத்துவதற்குக் கஷ்டமானதும். ஏடிடிக்யூஓஎல் என்று எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள், பிராட்லியுடையதுதான். 19 துறைகள்: வேலை, பயணம், குடும்பம், நட்பு, தாம்பத்தியம், தோற்றம், தன்னம்பிக்கை, பணம், பிறரைச் சார்ந்திருப்பது, கடைசியில் சாப்பாட்டுச் சுதந்திரம், குடிப்பதில் சுதந்திரம். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி. சர்க்கரை இல்லாதிருந்தால் இது எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்? இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? முதல் பதில் −3 முதல் +1 வரை, இரண்டாவது 0 முதல் 3 வரை. இரண்டையும் பெருக்க வேண்டும். அதனால் ஒரு துறைக்கு −9 முதல் +3 வரை வரலாம். சர்க்கரை வந்ததால் ஏதோ ஒன்று நல்லதாக மாறியது என்று சொல்லவும் இடம் விட்டிருக்கிறார்கள். ஒழுங்காக நடைப்பயிற்சி போக ஆரம்பித்தவர்களைக் கேட்டால் அது தெரியும்.

பெருக்கல்தான் இதன் உயிர். தனக்கு முக்கியமில்லாத ஒன்றை நோய் கெடுத்தால் அதற்குப் பூஜ்யம். முக்கியமான ஒன்றைக் கெடுத்தால் −9. பல நாடுகளில் இந்தக் கேள்வித்தாளை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதிகமாக அடிபட்ட துறையாகத் திரும்பத் திரும்பக் கிடைத்தது சாப்பாட்டுச் சுதந்திரம். மூன்று வேளையும் சோறு, விசேஷமென்றால் திருவையாற்று அசோகா, கும்பகோணம் பக்கம் டம்ளர் டம்ளராகக் காபி என்று இருக்கும் ஊரில் அது எவ்வளவு இறங்கும் என்று ஊகிக்க ஆய்வே வேண்டாம்.

கல்யாணப் பந்தியைக் கவனித்தால் விஷயம் புரியும். இலை போட்டாயிற்று. பாயசம் வருகிறது. எதிர் வரிசையிலிருந்து ஒரு மச்சினர், மண்டபமே கேட்கும்படி, "ஏய், அத்தானுக்கு வெக்காத, சுகரு!" பரிமாறுகிற பையன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறான். அத்தானுக்குப் பாயசம் போனதில் வருத்தமில்லை. அவரே அரைக் கரண்டியோடு நிறுத்தியிருப்பார். நாற்பது பேர் தன் இலையைத் திரும்பிப் பார்த்ததுதான் வருத்தம். ஹெச்பிஏ1சியில் இது வராது. உடல்நிலைக் கேள்வித்தாளிலும் வராது. டபிள்யூஹெச்ஓ-5இல், அந்த இரண்டு வாரத்துக்குள் கல்யாணம் இருந்தால், ஏதோ கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். ஏடிடிக்யூஓஎல்லில் மட்டும் சாப்பாட்டுச் சுதந்திரம் ஓர் இடத்திலும், ஊரார் தன்னை நடத்தும் விதம் இன்னோர் இடத்திலும் தனித்தனியாக விழும். உணவு ஆலோசனை கொடுக்கிறவருக்கு இந்த இரண்டும் வெவ்வேறு வேலை. முதலாவதற்கு நோயாளியிடம் பேசினால் போதும். இரண்டாவதற்கு மச்சினரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். 38 பதில், முன்னால் பொதுவாக இரண்டு. தானே படித்து நிரப்புகிறவருக்குச் சிரமமில்லை. வாசித்துக் காட்டிக் கேட்டால் அரைமணி நேரம் சாதாரணமாகப் போகும். "சர்க்கரை இல்லாதிருந்தால்" என்ற கற்பனை பலருக்குப் பிடிபடுவதில்லை. வலங்கைமான் அம்மா, "இருக்குதே, இல்லாட்டின்னு எப்புடிச் சொல்றது?" என்பார். "உங்களுக்குச் சர்க்கரை வர்றதுக்கு முந்தி" என்று கேள்வியை மாற்றிவிடத் தோன்றும். மாற்றக்கூடாது; முந்தி என்றால் 9 வருட இளமையும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். விடுமுறைப் பயணம் என்ற துறைக்கு முக்கால்வாசிப் பேர் "பொருந்தாது" என்பார்கள். அதே ஆட்கள் வேளாங்கண்ணிக்கோ சமயபுரத்துக்கோ பாதயாத்திரை போனவர்கள். கால் மரத்துப்போய், செருப்பில்லாமல் நடக்காதே என்று டாக்டர் சொன்னதால் நின்றுபோனது அவர்களுக்குப் பெரிய இழப்பு. அதைச் சொல்ல இந்தத் தாளில் நேரான இடமில்லை. தாம்பத்தியக் கேள்வியை ஓர் இளம்பெண் அறுபது வயதுக்காரரிடம் வாசித்துக் காட்ட முடியாது. அங்கேயும் "பொருந்தாது" என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். சர்க்கரையால் ஆண்மைக் குறைவு வருவது சகஜம் என்று தெரிந்தும் அது கணக்கிலேயே ஏறாமல் போகிறது. ஆண்களுக்கு ஆண் கேட்க வேண்டும், பெண்களுக்குப் பெண். உரிமமும் முறையாக வாங்க வேண்டும்.

நம் நாட்டுச் சரக்கு என்று ஒன்று உண்டு. கியூஓஎல்ஐடி, 2010இல் டெல்லியில் இந்திய நீரிழிவு நோயாளிகளுக்காகவே உருவானது. 34 கேள்வி, எட்டுப் பகுதி. உடல்நிலையால் வேலையில் வரும் தடை, தாங்குதிறன், பொது ஆரோக்கியம், சிகிச்சைத் திருப்தி, அறிகுறித் தொல்லை, பணக் கவலை, மனநலம், சாப்பாட்டுத் திருப்தி. பணக் கவலைக்குத் தனிப் பகுதி, நான்கு கேள்வி. ஏடிடிக்யூஓஎல்லில் பணம் 19இல் ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்பதால் இங்கே பணக் கவலை இல்லை என்று நினைக்கக்கூடாது. ஒரு நாள் டவுனுக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு, பஸ், டீ, வெளியே எழுதிக்கொடுத்த ஒரு டெஸ்ட். கேள்விகளும் கற்பனை கேட்காமல் நேராக இருக்கின்றன. "எனக்கு இது எவ்வளவு முக்கியம்" என்ற எடை மட்டும் இல்லை. கூலிக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே தராசில் நிற்பார்கள். ஆய்வேடு எழுதுகிறவர்கள், குறிப்பாகச் செலவும் சிகிச்சைத் திருப்தியும் தலைப்பாக உள்ளவர்கள், இதை எடுப்பது நல்லது என்பேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் வரிசையில் சுருக்கமானது டபிள்யூஹெச்ஓ-க்யூஓஎல் பிரெஃப், 26 கேள்வி. சர்க்கரைக்கென்று எழுதப்பட்டதில்லை. 1990களில் இந்த வரிசையை உருவாக்கியபோது பங்கெடுத்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று என்பதால் நம்மூர்ச் சிந்தனை அதில் ஆரம்பத்திலிருந்தே கலந்திருக்கிறது. சர்க்கரைக்காரரையும் பக்கத்து வீட்டுச் சர்க்கரை இல்லாதவரையும் ஒப்பிட இதுதான் தோது. ஆனால் வீடு, பணம், போக்குவரத்து, சுற்றுப்புறம் என்று எட்டுக் கேள்வி சூழலைப் பற்றியது. கஜா அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் கேட்டிருந்தால் அந்தப் பகுதி தரைமட்டமாகியிருக்கும். சர்க்கரைக்கு அதில் பங்கில்லை.

ஈக்யூ-5டி பற்றி மூன்று வாக்கியம் போதும். நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, அன்றாட வேலை, வலி, கவலை என்று ஐந்து கேள்வியும், இன்றைய உடல்நிலைக்கு 0 முதல் 100 வரை ஓர் அளவுகோலும் கொண்டது. 2022இல் இந்தியாவுக்கென்றே மதிப்பு அட்டவணை வந்துவிட்டதால், ஒரு திட்டத்துக்குச் செய்த செலவு தகுமா என்று அரசிடம் வாதாடுகிறவர்களுக்கு இது தேவை. கல்யாணப் பந்தி அத்தானுக்கு இதில் குறையே இருக்காது.

இனி முடிவு. கூட்டம் பெரிது, கேட்க ஆள் குறைவு என்பதிலிருந்து தொடங்குவோம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய் நாளன்று காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டுகிறது. அங்கே ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஆகவே முகாமோ கிளினிக்கோ நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இது: மூன்று மாத டெஸ்ட் எடுக்கும் அன்றைக்கே, ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாருக்கும் டபிள்யூஹெச்ஓ-5. 50ஐத் தாண்டாதவர்களுக்கு மட்டும் பெய்ட்-5. அதில் 8ஐத் தொட்டவர்களோடு கால்மணி நேரம் தனியாகப் பேச்சு. டபிள்யூஹெச்ஓ-5இல் 28ஐத் தாண்டாதவர்களை மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். 2022 முதல் நடக்கும் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416ஐ அட்டையில் எழுதிக் கொடுங்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2013இல் முடிவு வெளியான டான்-2 என்ற நீரிழிவு ஆய்வும் இந்த இரண்டு ஐந்து-கேள்வித் தாள்களையும் சேர்த்துத்தான் பயன்படுத்தியது. ஜோடி புதுசில்லை.

வலங்கைமான் அம்மாவுக்கு டபிள்யூஹெச்ஓ-5இல் 44. பெய்ட்-5இல் 6 என்று வந்தால், சர்க்கரையை நினைத்து அவர் மருகவில்லை, தூக்கமும் காலும்தான் படுத்துகின்றன என்று அர்த்தம். ராத்திரிச் சர்க்கரையையும் நரம்பையும் பார்க்க வேண்டும். 14 வந்தால் கதை வேறு. காலை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் இருக்கலாம், ஊசி போட்டுவிட மகன் பக்கத்தில் இல்லாதது இருக்கலாம். ஒரே 44க்கு இரண்டு வழி. அதனால்தான் ஒரு தாளோடு நிறுத்தக்கூடாது என்கிறேன். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கிவிடவும் கூடாது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களிடம் டபிள்யூஹெச்ஓ-5 கேட்க ஆறு டம்ளர் வரைந்த அட்டை கைகொடுக்கும். காலி டம்ளர் 0, தளும்பும் டம்ளர் 5. கேள்வியை அட்டையில் உள்ளபடியே வாசியுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை வாசியுங்கள்; நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். மருமகள் பக்கத்தில் நின்றால் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கேட்பது உத்தமம்.

ஏடிடிக்யூஓஎல்லை மொத்தக் கூட்டத்துக்கும் போடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, முப்பது நாற்பது பேரிடம், நிதானமாக, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அடுத்த வருட உணவு ஆலோசனையை எப்படி அமைப்பது என்று அதிலிருந்து தெரியும். அதற்குத் தோதான காலம் சம்பா நடவு முடிந்து மழை வலுக்கும் முன்னால் உள்ள சில வாரங்கள். உரிமத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி வரக் காலம் பிடிக்கும் என்பதால் ஆடியிலேயே எழுதிவிடுங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வாங்க வேண்டிய மாணவர்கள் சித்திரையிலேயே தொடங்கினால்தான் முடியும்.